தட்டாத வாளி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் அடிக்கிற மீன் வாடை என்னுடையதுதான். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். பத்தொன்பது வருடமாகத் தினமும் அறுபது எழுபது கிலோ மத்தியையும் கானாங்கெளுத்தியையும் வெறுங்கையால் புரட்டியவன் நான். சோப்பை மாற்றிப் பார்த்தாயிற்று, எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாயிற்று, நகக்கண்ணில் ஏறியது இறங்குவதாக இல்லை. அதோ, தட்டச்சு செய்கிற அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார். பரவாயில்லை அம்மா, கால் மணி நேரத்தில் பழகிவிடும்.

நானாக வந்து சொல்கிறேன் என்று வாக்குமூலத்தின் மேலே போட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சமையலறையில் மீன் கழுவுகிறவன் கழுத்தில் விசில் எதற்கு என்று கேட்டீர்கள். அதிர்ச்சியில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை என்றேன். நீங்களும் பாவம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டு போனீர்கள். உங்கள் வேலையை நீங்கள் பார்க்கிற லட்சணம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இன்றைக்கு வந்ததற்குக் காரணம், நாளைக் காலையில் மாமியாருக்கு ஊசி போட்டுக் கொல்லப்போகிறார்கள் என்று எங்கள் பூங்காக் காவலாளி சொன்னதுதான். செய்யாத குற்றத்துக்காக அவள் சாகக் கூடாது, அதனால் வந்தேன். மனசாட்சி உறுத்தியது, தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் நீங்களாக எதையும் சேர்த்துவிட வேண்டாம். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

மாமியார் என்றதும் முழிக்கிறீர்கள். சுவரொட்டியில் அவளுக்குக் கடல் இளவரசி என்று பெயர், பத்திரிகையில் இந்த வாரம் கொலைகாரத் திமிங்கிலம். அவள் திமிங்கிலமே இல்லை. ஓர்கா என்பது டால்பின் குடும்பத்தில் பெரியது. அதைக்கூட விசாரித்துக்கொள்ளாமல் முதல் பக்கத்தில் நாலு பத்தி எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆச்சரியம்தான். மாமியார் என்று பெயர் வைத்தது நான். எதை வைத்தாலும் குறை. வயிறு கிழிந்த மத்தியைத் தெரியாமல் போட்டுவிட்டால் வாயில் வாங்கிக்கொள்வாள், நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வருவாள், என் காலடியிலேயே துப்பிவிட்டுப் போவாள். கண் சிவந்த மீன் கூடாது. வாலைப் பிடித்துத் தலை முன்னால் போகிற மாதிரி கொடுக்க வேண்டும். இவ்வளவு குறை சொல்கிறவள் என் வாடையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த இனத்துக்கு மோப்பமே கிடையாது என்று எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வரைபடத்தில் தப்பும் தவறுமாகப் போடுவீர்கள். முன்னால் பெரிய தொட்டி. அதைச் சுற்றித்தான் பார்வையாளர் படிகள், அதன் ஓரத்தில்தான் தண்ணீர் மட்டத்துக்குக் கட்டிய மேடை. பின்னால் சின்னத் தொட்டி, அது அவள் படுக்கிற இடம். நடுவில் ஒரு கதவு, காட்சி நடக்கும்போது அதைத் திறந்தே வைத்திருப்பார்கள். சின்னத் தொட்டியின் கரையில் என் சமையலறை. அதில் இடுப்புயரத்துக்கு ஒரு ஜன்னல், வெளியே ஓர் ஆள் ஒட்டி நிற்கிற அகலத்துக்குக் கரை, கையை நீட்டினால் தண்ணீர். காலையில் மீன் வாளியை அந்த ஜன்னல் திட்டில் வைத்து, கரண்டியால் மூன்று தட்டு தட்டுவேன். அவள் எந்த மூலையில் இருந்தாலும், வாயில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, பத்து எண்ணுவதற்குள் ஜன்னலுக்கு வந்துவிடுவாள்.

விசில் சமாச்சாரம் இதுதான். பயிற்சியாளர்கள் அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது, சரியாகச் செய்த அந்த நொடியில் விசில் ஊதுவார்கள். சரி, உன் கூலி வருகிறது என்று அதற்கு அர்த்தம். விசில் இல்லாமல் மீன் இல்லை, மீன் இல்லாமல் விசில் இல்லை. சமையலறை ஆட்கள் விசிலைத் தொடக் கூடாது, கையால் மீன் போடக் கூடாது என்று மேலாளர் கையெழுத்துப் போட்டு என் கதவிலேயே ஒட்டியிருந்தார். காலை ஆறு மணிக்கு வந்து பார்க்கிற மேலாளர் யாரும் இந்த உலகத்தில் இல்லை. பின்பக்கத்துக் கேமரா இரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது என்று நானே மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

இனி மாப்பிள்ளை. என் தங்கை வீட்டுக்காரர், தலைமைப் பயிற்சியாளர், போன வாரம் இறந்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். நல்ல தோள், நல்ல பல்வரிசை, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் நன்றாகப் பேசுவார். அதைத் தவிர அவரிடம் என்ன இருந்தது என்று எட்டு வருடம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியக் காட்சியில் அவள் ஒரு பெண் பயிற்சியாளரின் காலைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்தாள். அப்போது மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கரையில் நின்று உயிர் போகிற மாதிரி விசில் ஊதிக்கொண்டிருந்தார். அதாவது, காலைக் கவ்வியது ரொம்ப சரி, கூலி தருகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாளியைத் தட்டினேன். அவள் காலை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது, இப்போது ஏதோ துணிக்கடையில் நிற்கிறாளாம். கால் வழுக்கி விழுந்தாள் என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. மறுநாள் பத்திரிகையில் மாப்பிள்ளை படம், சமயோசிதமாகச் செயல்பட்ட தலைமைப் பயிற்சியாளர் என்று. மேலாளர் என்னிடம் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டின கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

நான் அதற்காக எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தங்கைக்கு விஷயம் தெரியும். "எங்க அண்ணன் வாளியத் தட்டினா அது எமன் கையில இருக்கிறதக்கூட விட்டுட்டு வந்துடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு என்மேல் பிரியம் உண்டு. சின்ன வயதில் அவளை வளர்த்தது நான்தான். சடை பின்னிவிட்டிருக்கிறேன், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது என் கை நாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். புதிதாக ஒரு சோபா வாங்கினார்கள், வெளிர் நிறத்தில். நான் உட்காரப் போனேன். "ஒரு நிமிஷம் மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு செய்தித்தாளை எடுத்து விரித்துவிட்டார். "இப்ப உக்காருங்க." தங்கையும் சிரித்தாள். "அவரு சும்மா விளையாட்டுக்குப் பண்றாருண்ணா, நீ பெருசா எடுத்துக்காத" என்றாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நான் போகும்போதே பேப்பர் விரித்திருந்தது. அதற்கடுத்த வாரம் அவர்களுடைய ஆறு வயதுப் பெண், "மாமா, உங்க பேப்பர்" என்று தானே கொண்டுவந்து கொடுத்தது. குழந்தைகள் பார்த்துத்தானே கற்றுக்கொள்கின்றன. இதையெல்லாம் குடும்ப நிலவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், காரணம் இது இல்லை.

காரணம் பட்டினி. அதை ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள். "காட்சி இருக்கிற நாள்ல காலையில பாதி போதும் மச்சான். பசி இருந்தாத்தான் சொன்ன பேச்சைக் கேக்கும்" என்பார் மாப்பிள்ளை. வாரத்தில் ஐந்து நாள் காட்சி. மூன்று டன் உடம்பை வைத்துக்கொண்டு ஐந்து நாள் அரை வயிற்றோடு அவள் ஜன்னலுக்கு வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். காலி வாளியை நான் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டுத் தன் சொல்லைக் கேட்கவைக்கிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? நான் ஒரு சொல் வைத்திருக்கிறேன், அம்மா தட்டச்சு செய்கிறார், அதனால் வேண்டாம். அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கும் அதே சொல்தான். குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, பசித்த மிருகம் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து அவளுக்கு நம்மேல் எவ்வளவு பாசம் பார் என்று கை தட்டுகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை சோறு போட்டுக்கொண்டே புதுக் காட்சியைப் பற்றிச் சொன்னாள். "இவரு மேடையில குப்புறப் படுத்துப்பாராம். கால் ரெண்டும் தண்ணிக்குள்ள. அது பின்னாடி வந்து உள்ளங்கால முட்டிட்டுப் போகுமாம். நம்பிக்கைன்னு பேர் வச்சிருக்காங்கண்ணா. எனக்குத்தான் பயமா இருக்கு." மாப்பிள்ளை, "உங்க அண்ணன் வாளியோட நிக்கிறப்ப உனக்கென்ன பயம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் பேப்பர்மேல் உட்கார்ந்திருந்தேன். காட்சிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அடுத்த நாள் காலையில் என் ரப்பர் கையுறை ஒன்று தண்ணீரில் விழுந்தது. தானாகத்தான் விழுந்தது. அவள் எடுத்துவந்து ஜன்னலில் வைத்தாள். மரியாதைக்கு ஒரு மீன் கொடுத்தேன். மறுநாள் நானே போட்டேன். அதற்கு மறுநாள் ஒரு பூட்ஸ். பிறகு பழைய சாமான் அறையில் ஒரு விசிலும் மாப்பிள்ளையின் மஞ்சள் உடையும் அகப்பட்டன, முழங்காலில் கிழிந்துபோனதால் ஒதுக்கிப்போட்ட உடை. மஞ்சள் உடை காட்சிக்கு மட்டும்தான், பயிற்சியின்போது எல்லோரும் நீலச் சட்டை போடுவார்கள். ஒத்திகையில் நீலச் சட்டையை அவள் முட்டுவதோடு விட்டுவிடுவாள், இது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. உடைக்குள் ஈரச் சாக்கும் மணலும் அடைத்து, கைகால் வைத்துத் தைத்தேன். உள்ளே மாத்திரை வைத்து மீன் வயிறு தைக்கிற ஊசியிலேயே தைத்தேன், நன்றாக வந்தது. அதைத் தொட்டியின் ஓரத்தில் குப்புறப் படுக்கவைத்துக் காலைத் தண்ணீருக்குள் விட்டேன்.

முதல் நாள் அவள் மூக்கால் முட்டிவிட்டுப் போனாள். விசில் இல்லை, மீனும் இல்லை. இரண்டாம் நாள் காலைப் பிடித்து இழுத்தாள். விசில், மீன். உள்ளே கொண்டுபோனாள். விசில், இரண்டு மீன். பிறகு அடியில் வைத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன். அரை நிமிடத்தில் மேலே வந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு நாலு மீன். இரண்டு நிமிடத்துக்குக் கணவாய், அது அவளுக்கு உயிர். ஐந்தாவது வாரத்தில் நாலு நிமிடம் வந்துவிட்டது. நாலு நிமிடம் போதும் என்று எனக்குப் பட்டது. முடிந்ததும் அதை ஜன்னலுக்குக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வாள். கோபமும் கிடையாது, வெறியும் கிடையாது. அவ்வளவு ஒழுங்கான மாணவியை மாப்பிள்ளை தன் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். அவர் எட்டு வருடத்தில் கற்றுக்கொடுத்ததெல்லாம் வாலை ஆட்டவும் தண்ணீர் தெறிக்கவும்தான்.

காட்சி அன்று காலையில் பாதி வாளிகூட நான் கொடுக்கவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் மாப்பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டேன்.

மீதி உங்களுக்குத் தெரியும், பத்து பேர் கைபேசியில் எடுத்திருக்கிறார்கள். புது மஞ்சள் உடை, பளபளவென்று. ஒலிபெருக்கியில் நம்பிக்கையைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு குப்புறப் படுத்து, பார்வையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலைத் தண்ணீருக்குள் விட்டார். அவள் முட்டவில்லை, பிடித்தாள். கூட்டம் அதையும் காட்சி என்று நினைத்துக் கை தட்டியது. அரை நிமிடம் வரைக்கும் தட்டினார்கள். அந்தப் பதிவை மறுபடி கேட்டுப் பாருங்கள், கைதட்டல் எவ்வளவு மெதுவாக ஓய்கிறது என்று.

நான் ஜன்னலில் நின்றேன். திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. வாளி திட்டில் இருந்தது, கரண்டி என் கையில் இருந்தது. மற்ற பயிற்சியாளர்கள் வலையை எடுக்க ஓடினார்கள், வலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. மேலாளர் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். தங்கைதான் முதலில் என் பக்கம் திரும்பினாள். முன்வரிசையில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தவள், கம்பியைத் தாண்டி ஓடிவந்தாள், செருப்பில்லாமல்.

"அண்ணா, வாளியத் தட்டு! தட்டுண்ணா!"

அப்போது ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நடுவில் கூப்பிட்டால் ஆறு வார வேலை வீண். பாதியில் கூப்பிட்டுப் பழக்கினால் அடுத்த தடவை அவளுக்கு எது சரி, எது தப்பு என்றே குழம்பிவிடும். மிருகங்களோடு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கை ஜன்னலுக்கு வெளியே நின்று கையை நீட்டிக் கரண்டியைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கையை உயர்த்திக்கொண்டேன். சின்ன வயதில் அவள் மிட்டாயைப் பிடுங்க வரும்போது இப்படித்தான் உயர்த்துவேன், அவளுக்கு எட்டாது. இப்போதும் எட்டவில்லை. கீழே குனிந்து வெறுங்கையால் சுவரைத் தட்டினாள். அந்தச் சத்தம் எப்படி மாமியாருக்குக் கேட்கும்?

நாலு நிமிடமும் கொஞ்சமும் ஆனபோது மாமியார் கதவைத் தாண்டி வந்தாள். மாப்பிள்ளையை மூக்கின்மேல் ஏந்திக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல், ஜன்னலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். உங்கள் பிரேதப் பரிசோதனையிலும் அதுதான் இருக்கும், கணுக்காலில் பல் பதிந்ததைத் தவிர வேறு காயம் இல்லை. வைத்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றாள். சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு நிற்கிறாள். இருநூறு பேர் அலறிக்கொண்டிருக்கிறார்கள், என் தங்கை அவர் தலையைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்கிறாள். எல்லோர் முன்னாலும் விசில் ஊதினால் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் கூலியை ஏமாற்றுகிறவன் இல்லை. ஊதினேன். வாளி முழுவதையும் கொடுத்தேன், ஒவ்வொன்றாக, வாலைப் பிடித்து, தலை முன்னால்.

ஆக, கொன்றது அவள் இல்லை. நான். இதைத்தான் சொல்ல வந்தேன்.

தங்கை உங்களிடம் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அண்ணன் பயத்தில் கல்லாகிப் போய்விட்டான், கரண்டியைத் தராததும் விசில் ஊதியதும் அந்தப் பதற்றத்தில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்றைக்குமே ஆளை எடைபோடத் தெரியாது, தெரிந்திருந்தால் அவரைக் கட்டியிருக்க மாட்டாள். துக்க வீட்டில் என் தோளில் சாய்ந்து அழுதாள். மூன்று நாளும் போனேன். மூன்று நாளும் அந்தச் சோபாவில் பேப்பர் விரிக்கவில்லை.

சரி, கையெழுத்து எங்கே போட வேண்டும்? போட்டதும் அந்த மருத்துவருக்குப் போன் செய்து ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். என்னைத்தான் ஒரு வாரமாக உள்ளேயே விடவில்லை, அவள் பல்லில் ஒன்றும் பட்டிருக்காது. எலும்பும் தோலுமாகக் கிடப்பாள். காவலுக்கு இரண்டு பேரைப் போட்டாவது என்னைக் காலையில் ஒரு முறை ஜன்னலுக்கு அழைத்துப்போக வேண்டும், என் கையைத் தவிர வேறு கையில் அவள் வாங்க மாட்டாள்.

என்ன சொன்னீர்கள்?

ஊசி யோசனையை முந்தாநாளே கைவிட்டாயிற்றா? காவலாளிக்கு யார் சொன்னது என்று தெரியவில்லையா? சரி. அது போகட்டும். மற்றதைத் திரும்பச் சொல்லுங்கள். யார் போடுகிறது? நுழைவுச்சீட்டுக் கிழிக்கிற பெண்ணா? நீளக் கரண்டியால் அள்ளி வீசுகிறாளா? தலை, வால் பார்க்காமலா? முழு வாளியுமா?

இந்த ஒரு வாரத்தில் எனக்கு வலித்தது இது ஒன்றுதான், எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம், எழுத வேண்டாம். அதற்குப் பதில் இதை எழுதுங்கள், நான் சொன்னதாக மருத்துவருக்குக் கொடுங்கள். இன்றிலிருந்து அவளுக்கு ஒன்றும் போடக் கூடாது. யாரும், ஒரு மீன்கூட. மூன்று நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். அப்புறம் என்னை அந்த ஜன்னலில் கொண்டுபோய் நிறுத்தி வாளியைத் தட்டச் சொல்லுங்கள், யார் சொன்ன பேச்சை அவள் கேட்கிறாள் என்று அப்போது தெரியும்.